எக்ஸ்ரே "நார்மல்" என்றால் நோய் இல்லை என்று அர்த்தமா?
மூட்டுக்குள் மறைந்திருக்கும் வீக்கத்தைக் காட்டும் கருவிகள்

விரல் மூட்டு வலிக்கிறது. காலையில் கை மடங்க மறுக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். "நார்மல்" என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அப்புறம் என்ன? வலி மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போக வேண்டியதுதான்.

பலருடைய கதை இப்படித்தான் தொடங்குகிறது. ஒன்றிரண்டு ஆண்டுகள் கழித்து அதே கையை மறுபடியும் படம் எடுக்கும்போது, மூட்டு எலும்பின் ஓரம் அரித்துப் போயிருப்பது தெரிகிறது. அரித்த எலும்பு பழையபடி ஆவது அரிது. விரல்கள் கோணத் தொடங்கியபின் அவற்றை நிமிர்த்த மருந்து இல்லை.

அப்படியானால் முதலில் எடுத்த எக்ஸ்ரே பொய் சொல்லிவிட்டதா? இல்லை. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும் படம். அந்தச் சமயத்தில் நோய் எலும்பில் இல்லை. எலும்பை ஒட்டியுள்ள மெல்லிய சவ்வில் இருந்தது. எக்ஸ்ரே பார்க்காத இடத்தில் நோய் உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான்.

அந்த இடத்தைப் பார்ப்பதற்கும் இன்று கருவிகள் உண்டு. அவை என்ன, எப்படி வேலை செய்கின்றன, யாருக்கு எப்போது தேவை என்பதைக் கையை நம்பிப் பிழைக்கும் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

வேலியே பயிரை மேய்கிறது

மூட்டு வலி என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதில் பல வகை உண்டு. வயதானால் முழங்காலில் வருவது பெரும்பாலும் தேய்மானம். நாற்பது வயதிலோ, அதற்கு முன்போ, இரண்டு கைகளின் சிறு மூட்டுகளிலும் ஒரே சமயத்தில் வீக்கத்தோடு வருவது வேறு ஜாதி. அதற்கு முடக்குவாதம் என்று பெயர். டாக்டர்கள் "ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ்" என்பார்கள்.

நம் உடம்பில் கிருமிகளை எதிர்க்க ஒரு காவல் படை இருக்கிறது. முடக்குவாதத்தில் அந்தக் காவல் படை எதிரி யார், நம்மவர் யார் என்று தெரியாமல் நம்முடைய மூட்டையே தாக்குகிறது. வேலியே பயிரை மேய்வது என்பார்களே, அதுதான் இது.

ஒவ்வொரு மூட்டுக்கும் உள்ளே ஒரு மெல்லிய சவ்வு உண்டு. மூட்டு வழுக்கிக்கொண்டு ஓடுவதற்கான எண்ணெய் போன்ற நீரைச் சுரப்பது அதன் வேலை. தாக்குதல் நடப்பது இந்தச் சவ்வில்தான். சவ்வு தடித்துப் போகிறது. அதற்குள் புதிது புதிதாக ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. மூட்டுக்குள் நீர் கோத்துக்கொள்கிறது. இதைத்தான் அழற்சி என்கிறோம். தொட்டால் சூடு, அழுத்தினால் வலி. இப்படித் தடித்த சவ்வு நாளடைவில் பக்கத்திலுள்ள குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது.

டில்லிக்கு அருகிலுள்ள கிராமங்களில் நடத்தப்பட்டு 1993-ல் வெளியான ஓர் ஆய்வில், வயது வந்தவர்களில் 0.75 சதவீதம் பேருக்கு முடக்குவாதம் இருப்பது தெரிந்தது. அதாவது ஆயிரம் பேரில் ஏழெட்டுப் பேர். பெண்களுக்கு இது ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு வரும் வாய்ப்பும் அதிகம்.

"தர்த்" என்று மட்டும் சொன்னால் போதாது

முடக்குவாதத்துக்குச் சில அடையாளங்கள் உண்டு. காலையில் எழுந்ததும் கை விறைத்துப் பிடித்துக்கொள்ளும். அரை மணி, ஒரு மணி நேரம் கழித்து, வேலை செய்யச் செய்யத்தான் மெல்ல விடும். தேய்மான வலி இதற்கு நேர்மாறு. அதில் காலை விறைப்பு சில நிமிடங்களில் போய்விடும், வேலை செய்யச் செய்ய வலி கூடும்.

முடக்குவாதம் பெரும்பாலும் கையும் விரலும் சேரும் கணு, விரலின் நடுக்கணு, மணிக்கட்டு, பாதத்தின் முன்பகுதி ஆகிய இடங்களில் வரும். விரல் நுனியில் உள்ள கடைசிக் கணுவைப் பொதுவாகத் தொடாது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வரும். ஒருவர் கை குலுக்கினால் "ஐயோ" என்று இழுத்துக்கொள்ளத் தோன்றும். வீக்கம் ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் அலட்சியம் கூடாது.

இங்கே வெளி மாநிலத்தில் வாழும் நம்மவருக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. டாக்டரிடம் பேச நம்மில் பலருக்குத் தெரிந்த சொல் "தர்த்" ஒன்றுதான். வலி என்றால் வலி மாத்திரை. டாக்டருக்கு நூறு நோயாளிகள். அடுத்தவர் உள்ளே வந்துவிடுவார். ஆனால் முடக்குவாதத்தைக் காட்டிக்கொடுப்பது வலியைவிட வீக்கமும் விறைப்பும்தான். வீக்கத்துக்கு "சூஜன்" என்றும், விறைப்புக்கு "ஜகடன்" என்றும் சொல்ல வேண்டும். "ஸுபஹ் ஏக் கண்டே தக் ஹாத் ஜகடா ரஹ்தா ஹை" என்று ஒரு வாக்கியம் தெரிந்திருந்தால் போதும். காலையில் ஒரு மணி நேரம் கை பிடித்துக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒரு வாக்கியம் டாக்டரின் சிந்தனையை வேறு பக்கம் திருப்பும்.

கையில் தொடங்கிய எக்ஸ்ரே

எக்ஸ்ரேயின் சரித்திரமே ஒரு கையில்தான் தொடங்குகிறது. ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் நகரத்தில் பேராசிரியராக இருந்த ராண்ட்ஜன், 1895 நவம்பரில் இந்தக் கதிரைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி தம் மனைவியின் கையை அதில் படம் பிடித்தார். விரல் எலும்புகளும், விரலில் போட்டிருந்த மோதிரமும் படத்தில் விழுந்தன. தசையும் தோலும் நிழலாகக் கரைந்து போயின.

எக்ஸ்ரேயின் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். சுண்ணாம்புச் சத்து நிறைந்த எலும்பு கதிரைத் தடுக்கிறது. ஆகவே படத்தில் வெள்ளையாக விழுகிறது. சவ்வும் நீரும் ரத்தக் குழாயும் கதிரை ஏறக்குறைய ஒரே மாதிரி விட்டுவிடுகின்றன. ஆகவே ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தெரிவதில்லை. மூட்டைச் சுற்றி வீக்கம் இருப்பதையும், மூட்டருகே எலும்பு சற்று மெலிந்திருப்பதையும் தேர்ந்த கண் எக்ஸ்ரேயில் ஊகிக்கலாம். ஆனால் சவ்வின் அழற்சியை நேரடியாகப் பார்க்க முடியாது. எக்ஸ்ரே காட்டுவது சண்டையை அல்ல. சண்டை முடிந்தபின் இடிந்து கிடக்கும் சுவரை.

அந்த நாளில் சுவர் எப்படி இடிந்தது என்பதற்கு ஓர் உதாரணம் பிரெஞ்சு ஓவியர் ரெனுவார். 1841-ல் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தவர். சிறு வயதில் பீங்கான் தொழிற்சாலையில் பாத்திரங்களுக்குப் பூ வரைந்து சம்பாதித்தவர். ஐம்பது வயதையொட்டி, 1892 வாக்கில், அவருக்கு முடக்குவாதம் வந்தது. நாளடைவில் விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டன. கடைசி ஆண்டுகளைச் சக்கர நாற்காலியில் கழித்தார். தூரிகையை அவர் கையில் பிறர் வைத்துவிட வேண்டியிருந்தது. அப்படியும் 1919-ல் இறக்கும் வரை வரைந்துகொண்டே இருந்தார். மன உறுதிக்கு அவர் எடுத்துக்காட்டு. ஆனால் அவரைக் காப்பாற்றும் மருந்தும் அன்று இல்லை. நோயைத் தொடக்கத்திலேயே காட்டும் கருவியும் இல்லை. இன்று இரண்டும் இருக்கின்றன.

எக்ஸ்ரேயை ஒதுக்கிவிடலாம் என்று இதற்குப் பொருள் அல்ல. செலவு குறைவு; சிறு ஆஸ்பத்திரியிலும் கிடைக்கும்; நாளைக்கு ஒப்பிட்டுப் பார்க்க அடிப்படைப் படமாக உதவும். கையை ஒரு முறை படமெடுப்பதால் உடம்பில் படும் கதிர், ஒரு நாளில் இயற்கையிலேயே நம்மீது படும் கதிரைவிடக் குறைவு. ஆகவே பயம் வேண்டாம். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். கை வலிக்குப் போனாலும் டாக்டர் பாதங்களையும் படமெடுக்கச் சொன்னால் மறுக்க வேண்டாம். முதல் அரிப்பு பல பேருக்குப் பாதத்தில், சுண்டு விரலின் அடிக்கணுவில்தான் தெரிகிறது.

வயிற்றுக்கு மட்டுமா ஸ்கேன்?

ஸ்கேன் என்றதும் நம் நினைவுக்கு வருவது கர்ப்பிணிப் பெண்ணும், வயிற்றுக் கல்லும்தான். அதே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மூட்டுக்கும் உதவுகிறது. காதுக்குக் கேட்காத ஒலி அலையை உள்ளே அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்பி வருவதைக் கொண்டு படம் வரைகிறது இந்தக் கருவி. இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது.

முடக்குவாதம் வந்த முழங்காலை அல்ட்ராசவுண்டில் பார்க்கும் முயற்சி 1978-லேயே மருத்துவப் பத்திரிகையில் வெளியாகிவிட்டது. ஆனால் அன்றைய கருவிக்குப் பெரிய மூட்டுதான் எட்டியது. விரல் மூட்டு மிகச் சிறியது. தோலுக்குச் சற்றுக் கீழேயே இருக்கிறது. அதைத் தெளிவாகக் காட்ட வேகமாக அதிரும் ஒலி தேவை. அதற்கேற்ற முனைகள் பின்னால்தான் வந்தன. வயிற்றை ஸ்கேன் செய்யும் முனையால் விரலைப் பார்த்தால் பயனில்லை. மூட்டுக்கென்று உள்ள முனை வேண்டும். அதைப் பிடிக்கப் பழகிய கை வேண்டும்.

அப்படிப் பார்த்தால் என்ன தெரியும்? சவ்வு எவ்வளவு தடித்திருக்கிறது, மூட்டுக்குள் நீர் கோத்திருக்கிறதா, தசைநாணைச் சுற்றி வீக்கம் உண்டா, எலும்பின் ஓரத்தில் சிறு பள்ளம் விழுந்திருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து டாக்டர்கள் 2000-ம் ஆண்டில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். முடக்குவாதம் உள்ள 100 பேரின் விரல் மூட்டுகளை இரண்டு வழியிலும் பார்த்தார்கள். எக்ஸ்ரேயில் 32 அரிப்புகள் தெரிந்தன. அல்ட்ராசவுண்டில் 127 தெரிந்தன. நோய் தொடங்கிய புதிதில் இந்த வித்தியாசம் இன்னும் அதிகமாக இருந்தது.

ரயில் விசிலும் ரத்த ஓட்டமும்

ஸ்டேஷனில் நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் வண்டியின் ஊதல் ஒலியைக் கவனித்திருப்பீர்கள். வண்டி நம்மை நோக்கி வரும்போது ஒலி கீச்சென்று உயர்ந்திருக்கும். நம்மைத் தாண்டியதும் சட்டென்று கனத்து இறங்கிவிடும். வண்டியின் ஊதல் மாறுவதில்லை. வண்டியின் ஓட்டம்தான் நம் காதில் ஒலியை மாற்றுகிறது.

இந்தத் தத்துவத்தை 1842-ல் எடுத்துச் சொன்னவர் ஆஸ்திரிய விஞ்ஞானி டாப்ளர். 1845-ல் ஹாலந்து நாட்டில் பைஸ் பாலட் என்பவர் இதை ரயிலிலேயே சோதித்தார். ஓடும் வண்டியில் ஊதுகொம்புக்காரர்களை ஏற்றி ஊதச் சொன்னார். சுருதி பிடிக்கத் தெரிந்தவர்களைத் தண்டவாளத்தின் ஓரத்தில் நிறுத்திக் கேட்கச் சொன்னார். டாப்ளர் சொன்னது சரி என்று நிரூபணமாயிற்று.

அந்த ரயில் தத்துவம்தான் இன்று மூட்டுக்குள் வேலை செய்கிறது. ரத்தத்தில் ஓடும் சிவப்பணுக்கள்மீது பட்டுத் திரும்பும் ஒலி, அவற்றின் ஓட்டத்துக்கேற்ப மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கருவி நிறமாக மாற்றித் திரையில் காட்டுகிறது. ஆரோக்கியமான விரல் மூட்டின் சவ்வில் ரத்த ஓட்டம் மிகக் குறைவு, நிறம் தெரியாது. அழற்சி பிடித்த சவ்விலோ புதிய ரத்தக் குழாய்கள் முளைத்திருப்பதால், தணல் போல ஆரஞ்சும் சிவப்புமாகப் புள்ளிகள் ஒளிர்கின்றன. இதற்கு "பவர் டாப்ளர்" என்று பெயர். சவ்வு வெறுமே தடித்திருக்கிறதா, அல்லது நெருப்பு இன்னும் எரிகிறதா என்பதை இது பிரித்துக் காட்டுகிறது. ரிப்போர்ட்டில் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள். 0 என்றால் அமைதி; 3 என்றால் கடுமை.

இதில் சில நுணுக்கங்கள் உண்டு. முனையைப் பலமாக அழுத்தினால் சிறு ரத்தக் குழாய்கள் நசுங்கி நிறம் மறைந்துவிடும். வலி மாத்திரையோ ஸ்டீராய்டோ சாப்பிட்டுவிட்டுப் போனாலும் நிறம் குறைந்து தெரியலாம். ஆகவே என்ன மாத்திரை, எப்போது சாப்பிட்டோம் என்பதை ஸ்கேன் எடுப்பவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதற்காக டாக்டரைக் கேட்காமல் மருந்தைத் தானாக நிறுத்தவும் கூடாது.

எலும்புக்குள் எட்டிப் பார்க்கும் காந்தம்

அல்ட்ராசவுண்ட் எலும்பின் மேல்புறத்தோடு நின்றுவிடும். எலும்புக்குள்ளே பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும். பலம் வாய்ந்த காந்தத்தையும் ரேடியோ அலையையும் கொண்டு, உடம்பின் நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கள் கொடுக்கும் சைகையைப் படமாக்குவது எம்.ஆர்.ஐ. இதிலும் எக்ஸ்ரே கதிர் இல்லை. இதற்கு வழி வகுத்த லாட்டர்பர், மேன்ஸ்ஃபீல்ட் இருவருக்கும் 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அழற்சி உள்ள இடத்தில் நீர் அதிகம். ஆகவே அது படத்தில் பளிச்சென்று தெரியும். சவ்வின் வீக்கம் மட்டுமல்ல, எலும்பின் மஜ்ஜைக்குள் ஊறியிருக்கும் வீக்கத்தையும் எம்.ஆர்.ஐ. காட்டிவிடும். எலும்பு இன்னும் அரிக்கவில்லை, ஆனால் அரிக்கப் போகிறது என்பதற்கு இந்த மஜ்ஜை வீக்கம் ஓர் எச்சரிக்கை மணி. எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும் இதைக் காட்டுவதில்லை.

எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகும் தொழிலாளர்கள் ஒன்றை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். லேத்திலும், வெல்டிங்கிலும், கிரைண்டிங் சக்கரத்திலும் வேலை செய்தவர்கள் கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் தெறித்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எத்தனை ஆண்டு பழைய சம்பவமானாலும் சொல்ல வேண்டும். உள்ளே தங்கிய இரும்புத் துணுக்கு காந்தத்தில் நகர்ந்தால் கண்ணுக்கே ஆபத்து. சந்தேகம் இருந்தால் முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும், உடம்பில் உலோகத் தகடு வைத்தவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சொல்ல வேண்டும். சிலருக்குப் படம் தெளிவாக விழ காடோலினியம் என்ற மருந்தை ஊசி மூலம் ஏற்றுவார்கள். சிறுநீரகம் கெட்டிருந்தால் அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

படம் அதிகமானால் குணம் அதிகமா?

இவ்வளவு சொன்னபின், எல்லோரும் உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இதையும் விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

நார்வேயில் 238 நோயாளிகளைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. ஒரு சாராருக்கு ஒவ்வொரு முறையும் அல்ட்ராசவுண்ட் பார்த்து மருந்தைக் கூட்டினார்கள். மறு சாராருக்கு டாக்டர் மூட்டைத் தொட்டுப் பார்த்தும், ரத்தப் பரிசோதனை செய்தும் மருந்து கொடுத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து 2016-ல் வெளியான முடிவில், இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. டென்மார்க்கில் நோய் அடங்கியிருந்த 200 பேரிடம் எம்.ஆர்.ஐ. பார்த்து மருந்தைக் கூட்டும் சோதனை நடந்தது. 2019-ல் வந்த முடிவு இன்னும் கண்டிப்பானது. கூடுதல் பலன் கிட்டவில்லை. கடுமையான பக்க விளைவுகள்தான் எம்.ஆர்.ஐ. பார்த்தவர்களிடம் அதிகமாக இருந்தன.

இதிலிருந்து தெரிவது என்ன? வீக்கம் கண்ணுக்கும் கைக்கும் தெளிவாகத் தெரிந்து, ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னால், ஸ்கேனுக்காகக் காத்திருந்து மருந்தைத் தள்ளிப் போடத் தேவையில்லை. மாதா மாதம் ஸ்கேன் எடுக்கவும் தேவையில்லை. தேர்ந்த டாக்டரின் விரல்களே முதல் கருவி.

ஸ்கேன் பயன்படுவது சந்தேகம் உள்ள இடத்தில்தான். வலி இருக்கிறது, வீக்கம் நிச்சயமாகத் தெரியவில்லை, எக்ஸ்ரேயும் நார்மல், ரத்தப் பரிசோதனையும் இரண்டும் கெட்டானாக இருக்கிறது. இப்படிப்பட்ட சமயத்தில் ஒரு நல்ல மூட்டு ஸ்கேன் வழக்கைத் தீர்த்து வைக்கும். 1987-ல் அமெரிக்க டாக்டர்கள் வகுத்த அடையாளப் பட்டியலில் எக்ஸ்ரேயில் தெரியும் சேதமும் ஒன்றாக இருந்தது. 2010-ல் அமெரிக்க, ஐரோப்பிய டாக்டர்கள் சேர்ந்து வகுத்த புதிய பட்டியலில் சேதம் வரும் வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. எந்தெந்த மூட்டில் அழற்சி என்பதை உறுதி செய்ய அல்ட்ராசவுண்டையும் எம்.ஆர்.ஐ.யையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ரத்தப் பரிசோதனையிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. "ஆர்.ஏ. பேக்டர்" இல்லை என்று வந்தாலும் முடக்குவாதம் இருக்கலாம், இருக்கிறது என்று வந்தாலும் வேறு நோய் காரணமாக இருக்கலாம். "ஆன்டி சி.சி.பி." என்ற சோதனை இதைவிட நம்பகமானது. 2006-ல் நாட்டைக் கலக்கிய சிக்குன்குனியா காய்ச்சலும் பல மாதம் மூட்டு வீக்கத்தை விட்டுச் சென்றது நினைவிருக்கும். ஆகவே ஒரே ஒரு காகிதத்தைப் பார்த்து முடிவு கட்ட முடியாது.

கண்டுபிடித்தபின் என்ன?

சீக்கிரம் கண்டுபிடிப்பதில் அர்த்தம் இருப்பது, சீக்கிரம் மருந்து தொடங்கினால்தான். பலருக்கு முதல் இரண்டு ஆண்டுகளிலேயே எலும்பு அரிப்பு தொடங்கிவிடுகிறது. முதல் சில மாதங்களில் சரியான மருந்து தொடங்கியவர்களுக்குப் பலன் அதிகம்.

வலி மாத்திரை வலியைத்தான் அடக்கும், அரிப்பைத் தடுக்காது. நோயின் வேரைப் பிடிக்கும் மருந்துகளில் முதன்மையானது மெத்தோட்ரெக்ஸேட். விலை அதிகம் இல்லை. ஆனால் இதை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. குறித்த கிழமையைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்துக்கொள்வது நல்லது. மது அருந்துபவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள், குழந்தை பெற நினைப்பவர்கள் இதை டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். அவ்வப்போது ரத்தப் பரிசோதனையும் அவசியம்.

"கை வலிக்குப் போனால் நெஞ்சை ஏன் எக்ஸ்ரே எடுக்கிறார்கள்?" என்று சிலர் சந்தேகப்படுவதுண்டு. அது வீண் செலவு அல்ல. இந்நோய் நுரையீரலையும் தொடலாம். மருந்தும் அரிதாகத் தொடலாம். உள்ளே காச நோய் ஒளிந்திருந்தால், காவல் படையை அடக்கும் மருந்து கொடுக்கும்போது அது தலைதூக்கும். அதனால்தான் முதலிலேயே பார்த்துவிடுகிறார்கள்.

எங்கே போவது?

இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளர்கள் டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்குவதோடு நின்றுவிட வேண்டாம். வாத நோய் நிபுணரிடம் அனுப்பும்படி சீட்டு கேட்கலாம். ரயில்வே ஊழியர்களுக்கு ரயில்வே ஆஸ்பத்திரியும், மத்திய சர்க்கார் குமாஸ்தாக்களுக்கு சி.ஜி.எச்.எஸ். வசதியும் உண்டு. இவை எதுவும் இல்லாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் வாத நோய்க்கு எந்தக் கிழமை வெளிநோயாளிகளைப் பார்க்கிறார்கள் என்று விசாரித்துப் போகலாம். 2018-ல் வந்த ஆயுஷ்மான் பாரத் அட்டை முக்கியமாக ஆஸ்பத்திரியில் படுத்துச் சிகிச்சை பெறுவோருக்கானது. வெளிநோயாளியாக எடுக்கும் ஸ்கேனுக்கு அதை நம்பிப் போனால் ஏமாற நேரிடும்.

வாத நோய் டாக்டரின் மேஜையிலேயே ஸ்கேன் கருவி இருந்தால் வசதிதான். மேல்நாடுகளில் பல இடங்களில் அப்படி இருக்கிறது. நம் நாட்டில் கருவிலுள்ள குழந்தை ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994-ல் கொண்டுவந்த சட்டப்படி, ஸ்கேன் கருவி இருக்கும் இடம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். விரலைப் பார்க்கும் கருவிக்கும் இதே விதிதான். அதனால் பல டாக்டர்கள் ஸ்கேன் நிலையத்துக்குச் சீட்டு எழுதி அனுப்புகிறார்கள். போகுமுன், "மூட்டை டாப்ளர் முறையில் பார்ப்பீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போனால், பணமும் அரை நாள் லீவும் வீணாகாது.

படத்தைத் தூக்கிப் போடாதீர்கள்

கடைசியாக ஒன்று. நம்மவர்கள் பாதி வைத்தியம் இங்கேயும், பாதி வைத்தியம் ஊரிலும் பார்ப்பவர்கள். லீவில் ஊருக்குப் போகும்போது இங்கே எடுத்த படம் இங்கேயே பரணில் கிடக்கும். ஊர் டாக்டர் புதிதாகப் படம் எடுப்பார். திரும்பி வரும்போது அது ஊரிலேயே தங்கிவிடும்.

முடக்குவாதத்தில் ஒரு படத்தைவிட இரண்டு படங்களுக்கு மதிப்பு அதிகம். போன வருஷத்துப் படத்தையும் இந்த வருஷத்துப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், மருந்து வேலை செய்கிறதா, எலும்பு அரிப்பு நின்றுவிட்டதா என்று சொல்ல முடியும். ஆகவே பிலிமை மடிக்காமல், வெயிலும் ஈரமும் படாமல் தட்டையாக வைக்க வேண்டும். ஸ்கேன் ரிப்போர்ட்டையும், சி.டி. கொடுத்தால் அதையும், மருந்துச் சீட்டையும் ஒரே உறையில் போட்டு, ரேஷன் கார்டைப் போலப் பாதுகாக்க வேண்டும். ரயில் ஏறும்போது அந்த உறையும் கூட வரட்டும். ஊரில் இருக்கும் நாட்களுக்கும் சேர்த்து மருந்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளவும் மறக்கக் கூடாது.

வீக்கம் ஆறு வாரத்துக்கு மேல் இருக்கிறது, காலை விறைப்பு அரை மணிக்கு மேல் நீடிக்கிறது என்றால், "எக்ஸ்ரே நார்மல்" என்ற பதிலோடு எழுந்து வந்துவிட வேண்டாம். "எலும்பு நன்றாக இருக்கிறது, சரி. மூட்டின் சவ்வு எப்படி இருக்கிறது?" என்று டாக்டரிடம் மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள். கேட்பதற்குச் செலவு இல்லை. கேட்காமல் விட்டால் போவது, நாளைக்கும் சம்பாதிக்க வேண்டிய கை.